சாமி மாடத்துப் பொட்டலங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பஞ்சவர்ணத்துக்கு ஒரு வம்பும் வந்திருக்காது. பிற்பாடு இதை அவள் மகள் சொன்னாள், அவளுக்குப் பொட்டல வேலை கொடுக்கிற கடைக்காரர் சொன்னார், ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள். கடைசியில் அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அன்றைக்குப் போதை ஒழிப்புக் கூட்டத்தில் போலீஸ்காரர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "உங்கள் தெருவில் எவன் விற்கிறான், பயப்படாமல் சொல்லுங்கள்" என்று கன்னடத்தில் கேட்டபோது தெருவே தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டாள்.

"கவின்ராஜுங்க சார். மூடிக் கெடக்குற ரேஷன் கடைக்குப் பொறத்தால நிப்பான். பொழுதெறங்கப் போனீங்கன்னா ஆப்டுவான்."

பாதி தமிழும் பாதி கன்னடமுமாகத்தான் சொன்னாள். ஆனாலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மகள் அஷ்வினி அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். பின்வரிசையில் யாரோ செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். போலீஸ்காரர் அவளைக் கைதட்டிப் பாராட்டினார்.

மைசூர் அக்ரஹாரத்துக் கோயில் கடைகள் முடிகிற இடத்தில் பின்பக்கமாக இறங்குகிற சந்து அவர்களுடையது. ஹனூர், கொள்ளேகால், மேட்டூர் என்று பல பக்கத்திலிருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்கள் அங்கே அடைந்து கிடக்கிறார்கள். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். பிள்ளைகளுக்கு வீட்டுக்குள்ளும் கன்னடம்தான். கொஞ்ச நாள் முன்பு ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டில் வெளிமாநிலப் போலீஸ் வந்து மூட்டை மூட்டையாகப் போதைச் சரக்கைப் பிடித்துக்கொண்டு போனது. அதிலிருந்து உள்ளூர்ப் போலீசுக்கு மானப் பிரச்சினை. தெருவுக்குத் தெரு கூட்டம், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நடக்கவிட்டு ஊர்வலம், பேனர், உறுதிமொழி. கேஸ் வேண்டும் என்று மேலிருந்து நெருக்கடி. கேஸ் எங்கிருந்து வரும்? சந்துகளிலிருந்துதான் வரும். பெரிய வீடுகளில் கேட்டுக்கு வெளியே நின்று வாட்ச்மேனிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கும்.

பஞ்சவர்ணம் எழுந்ததற்குக் காரணம் எதிர்வீட்டுப் பூவாத்தாள். இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒருத்தி பிள்ளையை ஒருத்தி தூக்கி வளர்த்தவர்கள். பூவாத்தாளின் மகன் சேகரன் டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்குப் போனான். குனிந்தே செய்கிற வேலை, இடுப்பு விட்டுப்போயிற்று. வலிக்கு ஒரு மாத்திரை இருக்கிறது என்று கவின்ராஜ் கொடுத்தான். பிறகு வலி இல்லாத நாளிலும் அந்த மாத்திரை இல்லாமல் சேகரனுக்கு முடியாமல் போயிற்று. கையில் காசு தீர்ந்ததும் மாத்திரைக்குக் கூலியாகக் கவின்ராஜின் பையைச் சுமக்க ஆரம்பித்தான். பையோடு மாட்டிக்கொண்டான். பை யாருடையது என்று சந்துக்கே தெரியும், கோர்ட்டுக்குத் தெரியாது. ஜாமீன் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் பூவாத்தாள் ஜெயில் வாசலுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தாள். பைக்காரன் பிடிபட்டால் பையனை விடுவிக்க வழி பிறக்கும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் பஞ்சவர்ணம் எழுந்தாள்.

அவள் வீட்டில் வேறொரு துயரம் படுத்துக் கிடந்தது.

புருஷன் அய்யாவு சென்ட்ரிங் ஆள். வாயில் புகையிலையை அடக்கிக்கொண்டே மைசூரின் பாதி மாடிகளுக்கு முட்டுக் கொடுத்தவன். அந்தப் புகையிலை இன்றைக்கும் எல்லாப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்குகிறது; அதற்கு மைக் வைத்துக் கூட்டம் போட ஒருவரும் வரவில்லை. தொண்டையில் புற்று வைத்துக் கண்டுபிடித்தபோது வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டியிருந்தது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அவன் துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தான். கத்தினால் தொண்டை இன்னும் வலிக்கும் என்பதால் தலையைச் சுவரில் முட்டிக்கொள்வான். சுவரில் எண்ணெய்ப் பிசுக்காக ஒரு வட்டம் விழுந்திருந்தது.

அப்போதுதான் யாரோ சொல்லி, ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரியில் டாக்டர் மேதாவைப் போய்ப் பார்த்தாள். சின்னப் பெண்தான், ஆனால் வலியை வலி என்று நம்புகிற டாக்டர். மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தாள். முதல் வேளை குடித்துவிட்டு அய்யாவு தூங்கினான். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த தூக்கம். பஞ்சவர்ணம் பயந்துபோய் மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்துகொண்டிருந்தது. அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்து ஆசை தீர அழுதாள்.

மாத்திரையை முழுசாக விழுங்க அவனால் ஆகவில்லை. பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னாள். கசப்பு குமட்டியது. அதனால் பஞ்சவர்ணம் தாராளமாகக் குளுக்கோஸ் கலந்தாள். வேளை தவறக் கூடாது. அவள் கடைக்குப் போயிருக்கிற நேரத்தில் அஷ்வினியோ பூவாத்தாளோதான் கொடுக்க வேண்டும். அளவு தப்பினால் ஆபத்து. எனவே அட்டையிலிருந்த மாத்திரைகளையெல்லாம் ஒரே நாளில் பொடித்து, குளுக்கோஸ் கலந்து, வேளைக்கு ஒன்றாகக் காகிதத்தில் மடித்து வைத்துவிட்டாள். காலி அட்டைகள் குப்பை வண்டியில் போயின.

மடிப்பது அவளுக்குப் புதிதில்லை, அதுதான் அவள் பிழைப்பு. அக்ரஹாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கும் பாச்சு ஐயங்காருக்கு விபூதியும் குங்குமமும் பொட்டலம் போட்டுக் கொடுக்கிறாள். நெற்றியில் பளிச்சென்று நாமம் போட்டுக்கொண்டு அவர் விபூதி விற்பதைச் சந்துப் பெண்கள் கேலி செய்வார்கள். "பெருமாள் கோவிச்சுக்க மாட்டாருங்களா சாமி?" என்று பஞ்சவர்ணமே கேட்டிருக்கிறாள். "நஞ்சன்கூட்டுச் சிவன் சோறு போடறாரே, பெருமாளுக்குத் தெரியாதா?" என்பார் அவர். விரலைப் பார்க்காமலே மடிப்பாள். மூலையைச் செருகினால் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு துளி சிந்தாது. புருஷனுக்கான பொட்டலங்களுக்கு மட்டும் அடையாளமாகக் குங்குமப் பொட்டு வைத்தாள். மாதேஸ்வரன் படம் இருக்கிற மாடத்தில், சாமி காலடியில் அடுக்கி வைத்தாள். எலி வராது, ஈரம் வராது, யார் கையும் தவறிப் படாது. அவளுக்குத் தெரிந்து அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை.

கூட்டம் முடிந்த சில நாளில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் ஜீப் வந்தது.

ஜீப் சந்துக்குள் திரும்புமுன்பே கவின்ராஜுக்குச் செய்தி போய்விட்டது. எப்படிப் போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும். ரேஷன் கடைக்குப் பின்னால் இரண்டு பீடித்துண்டும் ஒரு நாயும்தான் இருந்தன. சப்-இன்ஸ்பெக்டருக்கு வேர்த்து ஊற்றியது. பத்திரிகைக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று, பெரிய அதிகாரி போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறார். வெறுங்கையோடு எப்படித் திரும்புவது?

கூட வந்த கான்ஸ்டபிள் மஞ்சுநாத், தகவல் கொடுத்த அம்மா வீடு இதுதான் என்று காட்டினான். பஞ்சவர்ணம் வாசலுக்கு வந்து சிரித்த முகமாக நின்றாள். தன் பேச்சைக் கேட்டு போலீஸ் வந்திருக்கிறது என்ற பெருமை அவளுக்கு.

"வெயில்ல நிக்கறீங்களே. உள்ள வாங்கோ சார், ஒரு வாய் மோர் குடிச்சுப்போட்டுப் போங்கோ."

யாரும் சோதனை போட வரவில்லை. அவளேதான் கூப்பிட்டாள். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சப்-இன்ஸ்பெக்டர் மோர் டம்ளரை வாயில் வைத்தபடி நிமிர்ந்தார். எதிரே மாடம் இருந்தது.

"ஏனிது?" என்ன இது என்று கன்னடத்தில் கேட்டார்.

"கீழ சிப்பத்துல இருக்கறது விபூதிங்க சார், கடைக்கு. மேல பொட்டு வெச்சதுங்களா, அது எங்க ஊட்டுக்காரருக்கு மருந்துங்க."

ஒளிக்க ஒன்றும் இல்லாதவளுக்கு ஒளிக்கத் தெரியவில்லை. தானே ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். வெள்ளைப் பொடி. சப்-இன்ஸ்பெக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். ஜீப்பிலிருந்து ஒரு சின்னச் சோதனைப் பெட்டி வந்தது. பொடியின்மேல் ஏதோ ஒரு சொட்டு விட்டார்கள். அது நாவல்பழ நிறத்துக்கு மாறியது. அறையிலிருந்த போலீஸ்காரர்களின் முகமெல்லாம் ஒரே நேரத்தில் தெளிந்ததைப் பார்த்து, மருந்து நல்ல மருந்து என்று சொல்கிறார்களாக்கும் என்று அவள் நினைத்தாள்.

பிறகு நடந்தது அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். "இதில் மாத்திரை என்றிருக்கிறது, இது பொடி" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். அட்டை எங்கே என்றார். குப்பையில் போய்விட்டது. கட்டிலில் கிடந்த அய்யாவு கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லப் பார்த்தான். அவனுக்குத்தான் குரல் இல்லையே. எது விபூதி, எது மருந்து என்று லேப் சொல்லட்டும் என்று மாடத்திலிருந்ததையெல்லாம் ஒன்றாகத் தராசில் போட்டார்கள். "அதுல முக்காலும் குளுக்கோஸுங்க சார், கொழந்தைக்குக் குடுக்கறது" என்று கெஞ்சினாள். "கலந்துவிட்டால் எல்லாம் ஒரே எடைதான், சட்டம் அப்படி" என்று பதில் வந்தது. சர்க்கரைக்கும் சாம்பலுக்கும் சேர்த்துக் கேஸ் போடுகிற சட்டத்தை அவள் அதுவரை கேள்விப்பட்டதில்லை. ஜீப்பில் ஏறும்போதுகூட அவள் திரும்பிப் பார்த்து, "பூவாத்தா, மத்தியான வேளைக்கு ஒரு பொட்டலம் கரைச்சுக் குடுத்துரு" என்றாள். அப்புறம்தான் பொட்டலங்கள் தன் பக்கத்து சீட்டில் சீல் வைத்த பையில் வருவது உறைத்தது.

டாக்டர் மேதா போனில் சண்டை போட்டதால் சாயங்காலம் அவளை அனுப்பிவிட்டார்கள். நோயாளி வீடு என்று இரக்கம். கூப்பிட்டபோது வர வேண்டும், ஊரைவிட்டுப் போகக் கூடாது. இரக்கம் அவளுக்குத்தான், மருந்துக்கு இல்லை. அது லேப்புக்குப் போகும், லேப் எப்போது சொல்லும் என்று லேப்புக்குத்தான் தெரியும். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது. மேஜைமேல் அவள் மடித்த பொட்டலங்கள் வரிசையாக இருக்க, பின்னால் போலீஸ்காரர்கள் விறைப்பாக நின்றார்கள். அஷ்வினி வேலை செய்யும் நஞ்சன்கூட்டு கார்மென்ட்ஸில் அந்தப் படம் எல்லார் போனிலும் சுற்றியது. அவள் பாதி ஷிஃப்டில் திரும்பி வந்து, "சும்மனே இருந்திருக்கலாம்ல அம்மா? உனக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று கேட்டுவிட்டுத் தானே அழுதாள்.

சனிக்கிழமை பஞ்சவர்ணம் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மேதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் எழுதித் தந்துடறேன் பஞ்சவர்ணம். ஆனா மார்ஃபின் அலமாரிக்கு ரெண்டு பூட்டு. ஒரு சாவி என்கிட்ட, இன்னொண்ணு தொட்டையன்கிட்ட."

தொட்டையன் மருந்தகத்துக்காரர். தலை நரைத்தவர், கெட்டவரில்லை, பயந்தவர். சாவியைச் சட்டைப் பைக்குள் கையால் பொத்திக்கொண்டே பேசினார்.

"மேடம், இந்தப் பேர்ல கேஸ் ஆகிருக்கு. காலைலயே ஸ்டேஷன்ல இருந்து போன். ரெண்டு வாரத்து மருந்து குடுத்தீங்களே, கணக்கு எங்கேன்னு கேட்டாங்க. மறுபடி குடுத்து லைசன்ஸ் போச்சுன்னா? மிச்சம் இருக்கிற பேஷன்ட்டெல்லாம் எங்க போவாங்க? போலீஸ் எழுதிக் குடுக்கட்டும், தெறந்துடறேன்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த மூன்று நாளும் பஞ்சவர்ணம் பார்த்தவர்கள் எல்லாரிடமும் ஒரு நியாயம் இருந்தது. புருஷனுக்கு மட்டும் வலி இருந்தது. மேதா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரண வலி மருந்து ஒரு புட்டி கொடுத்தாள். திங்கட்கிழமை தானே ஸ்டேஷனுக்கு வந்து பேசுவதாகச் சொன்னாள். உள்ளே சேர்த்துவிட முடியுமா என்று பஞ்சவர்ணம் கேட்டாள். "சேத்தாலும் அதே அலமாரிதானே" என்றாள் மேதா.

அந்தப் புட்டி மருந்து ஒன்றுக்கும் ஆகவில்லை. பழகிய மருந்து சட்டென்று நின்றதில் வலியோடு வேறு அவஸ்தைகளும் சேர்ந்துகொண்டன. உடம்பு தெப்பமாக நனைந்தது, வயிறு ஓயாமல் போயிற்று, கால்கள் தாமாக உதைத்துக்கொண்டன. மறுபடியும் சுவர். மறுபடியும் அந்த எண்ணெய் வட்டம். பூவாத்தாள் தலைமாட்டில் உட்கார்ந்து அவன் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அய்யாவு மாடத்தைக் காட்டினான். மாடத்தில் மாதேஸ்வரன் மட்டும் புலிமேல் உட்கார்ந்திருந்தார்.

"வருதுங்க, வருதுங்க, வந்துட்டே இருக்குதுங்க" என்று பஞ்சவர்ணம் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தயவாகக் கேட்டறியாத மனுஷன். இரண்டு கையையும் சேர்த்து, அந்நிய அதிகாரியைக் கும்பிடுகிறாற்போலக் கும்பிட்டான். பஞ்சவர்ணத்தால் தாங்க முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

ஸ்டேஷனில் மஞ்சுநாத் மட்டும் இருந்தான்.

"ரெண்டே ரெண்டு பொட்டலம் குடுங்க சார். மிச்சத்த வெச்சுக்கங்க. உங்க பேரு சொல்லி விபூதி பூசிக்கறனுங்க."

"ஏனம்மா நீங்க, அது சீல் ஆகிட்டுது. கோர்ட் ப்ராபர்ட்டி. கை வெச்சா என் வேலையே போய்டும்."

அவள் அழவில்லை. அழுகிற கட்டம் தாண்டியிருந்தது. "எங்க ஊட்டுக்காரரு என்னையக் கும்பிடறாருங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். வெளிக் கேட்டு வரைக்கும் போனவளை மஞ்சுநாத் பின்னாலேயே வந்து நிறுத்தினான். பைக்கின் கண்ணாடியைத் துடைக்கிற பாவனையில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அவன்கிட்ட இருக்கும்."

"யாருகிட்டங்க சார்?"

"நீங்களே கூட்டத்துல சொன்னீங்களே, அவன்தான். நேத்தே வந்துட்டான். அதே ஜாகா." கண்ணாடியை மறுபடி துடைத்தான். "அதே மருந்து இருக்காது. ஆனா வலிக்குக் கேக்கும். எங்கப்பனுக்கும் இதே நோவுதாம்மா. அப்ப எனக்கு இப்படிச் சொல்ல யாரும் இல்ல. போங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

போலீஸ்காரன் வாயாலேயே கேட்டதை நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கவின்ராஜை அவள் பெயர் சொல்லிச் சபித்திருக்கிறாள். அவன் வாசலில் நடந்தால் சாணித் தண்ணீரை வேண்டுமென்றே வீசித் தெளித்திருக்கிறாள். அவனிடம் போவதைவிடச் சாவது மேல் என்று தோன்றியது. சாகப்போகிறவன் அவள் இல்லையே, அதனால் நடந்தாள்.

சொன்ன இடத்தில், சொன்னபடி, ரேஷன் கடைக்குப் பின்னால் அவன் இருந்தான். முப்பதைத் தொட்ட ஆள், இஸ்திரி போட்ட சட்டை, செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாக்கா. உன் பொட்டலத்தப் பேப்பர்ல பாத்தேன். என்னா மடிப்பு!"

"உம் பேரச் சொன்னது நாந்தான்" என்றாள் பஞ்சவர்ணம். இதைச் சொல்லாமல் அவனிடம் கையேந்த அவளுக்கு முடியவில்லை.

"தெரியும்க்கா. நீ ஒக்காரதுக்குள்ள எனக்கு போன் வந்துடுச்சு." அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாகச் சுட்டது. "மாமாவுக்குத்தானே? தொண்டை வழியா எறங்குமா? அப்ப ஒண்ணப் பொடிச்சுக் கரைச்சுக் குடு. ரெண்டு குடுத்துடாத, மூச்சு நின்னுரும்."

டாக்டர் சொல்லுகிறாற்போலவே சொன்னான். காசை வாங்கிக்கொண்டான், நோயாளி வீடு என்று குறைக்கவும் இல்லை, காட்டிக்கொடுத்தவள் என்று கூட்டவும் இல்லை. முந்தானையில் முடிந்துகொண்டு அவள் திரும்பியபோது, "தீந்தா வாக்கா" என்று பின்னாலிருந்து குரல் கொடுத்தான். சேகரனிடமும் முதல் நாள் இப்படித்தான் சொல்லியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

அய்யாவு தூங்கினான். முன்பு போல அசந்த தூக்கம் இல்லை, ஆனாலும் தூக்கம். சுவரிலிருந்து தலை விலகியது. பூவாத்தாள் மரத்துப்போன கையை உதறிக்கொண்டே, "எங்க புள்ள கெடச்சுது மருந்து?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரில குடுத்தாங்க" என்றாள் பஞ்சவர்ணம். பூவாத்தாளிடம் அவள் சொன்ன முதல் பொய் அது.

திங்கட்கிழமை மேதா சொன்னபடியே ஸ்டேஷனுக்கு வந்து பேசினாள். லேப் அறிக்கை வரட்டும் என்றார்கள். அறிக்கை வரவில்லை. பஞ்சவர்ணம் ரேஷன் கடையின் மூத்திர நாற்றம் அடிக்கிற சுவர்ப்பக்கம் போவதும் வருவதுமாக இருந்தாள். மாத்திரையைப் பொடித்து வைக்கவில்லை, மடிக்கவும் இல்லை. அட்டையோடு அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். இந்தத் தடவை ஒளித்து வைக்கத் தெரிந்திருந்தது. ஒரு விடிகாலையில் அய்யாவு தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். சுவரில் முட்டாமல் செத்தான், அது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதல். காரியத்துக்கு வந்த மேதா வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாள். அந்த அலமாரி இப்போது யாருக்குமே அவ்வளவு சுலபமாகத் திறப்பதில்லை என்று அவளோடு வந்த நர்ஸ் சொன்னாள்.

பாச்சு ஐயங்கார் மறுபடி வேலை கொடுத்தார், ஆனால் விபூதி வேண்டாம் என்றுவிட்டார். "வெள்ளைப் பொடி சகவாசமே வேண்டாம்மா, குங்குமம் மட்டும் மடி. சேப்பைக் கண்டா அவாளுக்குச் சந்தேகம் வராது." அவர் தமாஷாகச் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் மஞ்சுநாத் வந்தான். பஞ்சவர்ணம் வாசலில் உட்கார்ந்து குங்குமம் மடித்துக்கொண்டிருந்தாள். எதிரே குழாயில் பூவாத்தாள் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் நாற்காலி கேட்கவில்லை, அவளும் போடவில்லை. மோரும் கொடுக்கவில்லை.

"லேப் ரிப்போர்ட் வந்துட்டுதம்மா. மார்ஃபின்தான்னு சொல்லிருக்கு."

"அதத்தானுங்க நான் அன்னைக்கே சொன்னேன்."

மஞ்சுநாத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். குளுக்கோஸோடு சேர்த்த எடைக்குக் கேஸ் கோர்ட்டுக்குப் போகிறது, டாக்டரும் வந்து சாட்சி சொல்லுவார், கடைசியில் நிற்காது, ஆனால் வருஷக்கணக்காகும் என்றான். மனப்பாடம் செய்துகொண்டு வந்தவன்போல ஒரே மூச்சில் சொல்லி முடித்தான்.

"சார் ஒரு வழி சொன்னார். அந்தக் கவின்ராஜ் விக்கிறான்னு கூட்டத்துல சொன்னீங்கல்ல, அத ஸ்டேட்மென்ட்டாக் குடுங்க. விக்கறதக் கண்ணால பாத்தேன்னு ஒரு வார்த்தை. உங்க கேஸ லைட்டாப் பண்ணிடலாம். அந்த சேகரன் பையனுக்கும் நல்லது."

தண்ணீர் சத்தத்தில் பூவாத்தாளுக்கு எதுவும் கேட்டிருக்காது என்றுதான் பஞ்சவர்ணம் நினைத்தாள். ஆனால் அவள் குழாயை மூடிவிட்டு நிமிர்ந்து நின்றாள். மஞ்சுநாத் பஞ்சவர்ணத்தின் முகத்தைப் பார்க்காமல், அவள் கையிலிருந்த குங்குமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் தெரியும். தெரிந்துதான் கேட்க வந்திருக்கிறான், கேட்கச் சொன்னார்கள் என்பதற்காக.

"எனக்குத் தெரியாதுங்க சார்" என்றாள் பஞ்சவர்ணம்.

"என்னம்மா, எல்லார் எதிர்லயும் சொன்னீங்களே."

"தப்பாச் சொல்லிப்போட்டனுங்க."

மஞ்சுநாத் வற்புறுத்தவில்லை. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "சரிம்மா" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான். தப்பித்தோம் என்கிற நடை அது.

பூவாத்தாள் ஈரக் கையோடு கிட்டே வந்தாள்.

"பஞ்சவர்ணம், எம் பையன் உள்ள கெடக்கறான் புள்ள. நீ ஒரு வார்த்த சொன்னா வெளிய வருவானே."

எத்தனையோ சமாதானம் சொல்லியிருக்கலாம். போலீஸ் பேச்சை நம்ப முடியாது என்று சொல்லியிருந்தால் அதுவும் உண்மைதான். ஆனால் தலைக்கும் சுவருக்கும் நடுவில் தலையணை பிடித்தவளிடம் இரண்டாவது பொய் சொல்லப் பஞ்சவர்ணத்துக்கு வாய் வரவில்லை.

"அன்னைக்கு மருந்து ஆஸ்பத்திரில குடுக்கல பூவாத்தா. எல்லாருகிட்டயும் போய்க் கேட்டேன். ஒருத்தரும் குடுக்கல. அவன்தான் குடுத்தான். சாவற வரைக்கும் அவன்தான் குடுத்தான். நம்மூட்டு மனுசன் அதுலதான் தூங்குனாரு. அவன எப்படி நான் காட்டிக் குடுப்பேன், சொல்லு."

பூவாத்தாள் திட்டியிருந்தால் தேவலை. அவள் பாதி நிறைந்த குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு உள்ளே போய், பகலில் ஒருநாளும் சாத்தியறியாத தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பஞ்சவர்ணம் அடுத்த காகிதத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.